நனையாத சட்டை

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னரிலிருந்து மாவு மூட்டை இறக்கும்போது மற்றவர்களின் சட்டை கால் மணி நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். என் சட்டை காய்ந்தே இருக்கும். எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கு அது போதும்.

“என்னலா, மூட்டை தூக்குறியா, மூட்டைக்கு விசிறி விடுறியா?”

அதனால் அடிக்கடி குழாயடிக்குப் போய்ச் சட்டையை நனைத்துக்கொண்டு வருவேன். உடம்பும் ஆறும், மண்டோர் வாயும் அடங்கும். வேர்வை எனக்கு வந்ததே இல்லை. தலைமுடி பூனை மயிர் மாதிரி. பல் மொத்தம் ஆறு, அதுவும் கூராக. கிள்ளான், ஜொகூர் என்று மலேசியாவில் எங்கே வேலைக்குப் போனாலும் சில மாத வெயிலுக்குமேல் தாங்காது. அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். ஊர்சுற்றி என்பார்கள். பாதி உண்மைதான்.

குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள் கண்டெய்னருக்குள்ளேயே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் என் பல்லையும் நகத்தையும் வெகுநேரம் பார்த்தார். ஒரு தாளில் மூன்று கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்தார்.

“கரு உண்டான மூணாவது வாரத்துல மூணு அடுக்கு வரும், அங்கிள். வெளி அடுக்குலேர்ந்துதான் தோல், முடி, பல்லு, நகம், வேர்வைச் சுரப்பி எல்லாம் வருது. உங்களுக்கு அந்த அடுக்குல பிறவியிலயே கோளாறு.”

“மூளை?”

“அதுவும் வெளி அடுக்குதான். அது உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ ஆறாம் வகுப்போட நின்னதுக்கு இந்தக் கோட்டைக் குத்தம் சொல்ல முடியாது.”

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்: “உங்க வீட்டுல ஆண் குழந்தை யாராவது காய்ச்சல்ல இறந்திருக்காங்களா?”

எனக்கு முன் பிறந்த அண்ணன். வேர்த்தால் காய்ச்சல் இறங்கும் என்று அம்மா அவனைக் கம்பளியால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வேர்க்கவில்லை. இன்னொரு கம்பளி போட்டாள். “அவனுக்கு வேர்க்கவே இல்லடா” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

இது என் வழியாக மகளுக்குப் போயிருக்கும், அவளுக்கு வெளியே தெரியாது, ஆனால் அவள் பெறும் பையனுக்கு முழுதாக வரலாம் என்றார் டாக்டர். என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

அவள் கடலுக்கு அக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். அவள் கல்யாணத்துக்குக்கூடப் போகாதவன் நான். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

“இத்தன வருஷம் கழிச்சு இதையா கொண்டு வந்தீங்க?” என்று கதவைச் சாத்தினாள்.

‘பையனாக இருந்தால், காய்ச்சலில் போர்த்தாதே’ என்று எழுதி, என் நம்பரையும் போட்டு, கதவடியில் சொருகிவிட்டு வந்தேன்.

பையன்தான் பிறந்தான். நான்காம் மாதம், ஒரு நடுப்பகலில் போன் வந்தது.

“அப்பா, புள்ள உடம்பு கொதிக்குது. மாமியார் கம்பளி சுத்தியிருக்காங்க. வேர்க்கவே இல்லப்பா.”

“எல்லாத்தையும் உருவு. ஈரத்துணி போட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. இவனுக்கு வேர்க்காதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு.”

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் நின்றுகொண்டே வந்தேன்.

வழியில் ஒரு முறை வலிப்பு வந்ததாம். பிழைத்துவிட்டான். அவனுக்கும் இதேதான் என்றார்கள். மகள் அவன் கட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இந்த வெயில்ல நீங்க எப்படிப்பா சமாளிச்சீங்க?”

சமாளித்தேன் என்று சொல்ல முடியாது. குழாயடியைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து, அவனுடைய சின்னச் சட்டையை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள்.