கம்பளி போர்த்திய கம்ப்யூட்டரும் அழுது முடிக்காத ரதியும்

அன்றைக்கு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு முன் காம்பரா அறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் கலா, பக்கத்துக் காம்பரா ஆரோக்கியம் அக்கா, வீட்டுக்காரரின் கூட்டாளி முருகேசு அண்ணன். ஆறாவது ஆளாக, மேசைக்கடியில் கம்பளி போர்த்திக்கொண்டு எங்கள் கம்ப்யூட்டர்.

சிரிக்காதீர்கள்... உண்மையாகத்தான். அந்தச் சூடேறிய கம்பளி வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பதுளை டவுனில் பழையதாக வாங்கியது. தகரக் கூரைச் சந்து வழியாகப் பனிமூட்டம் நேரே உள்ளே வந்துவிடும். "மனுசனுக்கே வெறைக்குது, அதுக்கு வெறைக்காதா?" என்று கேட்டவர் ஆரோக்கியம் அக்கா. எங்கள் எல்லோருக்குமே அது நியாயமாகப் பட்டது. மலைக்கு வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் கம்பளியை வீட்டுக்காரர் கழற்றிக் கொடுத்தார். ஓடும்போதும் அது கம்பளிக்குள்தான்!

வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணி காட்டினால் அதற்கும் ஒரு சுற்று. ஆயுத பூசைக்கு விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம்...

அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான் எங்கள் தோட்டத்து மாசி மாதக் காமன் கூத்து இருந்தது. அந்த வருடம் முருகேசு அண்ணன் காமன். ரதி வேறு யாருமில்லை, என் கூறைப் புடவையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர்! படம் பிடித்த சொந்தக்காரப் பையன் அதை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, கமராவை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான். வேறெங்கும் அது கிடையாது.

முருகேசு அண்ணன் குடும்பத்தோடு மொனராகலைக்குக் குடிபோக இருந்தார். போவதற்குமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்த ஞாயிறு பகல் கூடியிருந்தோம்.

படத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்தார். ரதி தலைவிரித்து அழத் தொடங்கினார்.

"ஏம்ப்பா, ஒம் பொஞ்சாதி செத்தாகூட நீ இப்பிடி அழுவ மாட்ட!" என்றார் ஆரோக்கியம் அக்கா.

"சும்மா இருங்கக்கா. அங்க எனக்குப் புருசன்ல செத்துட்டான்!"

காம்பராவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு சத்தம்... டக்... டக்... டக்...

படம் நின்றுவிட்டது. ரதி வாயைத் திறந்தபடி நிற்கிறார். கலா எதை அமத்தியும் அசையவில்லை.

எங்களுக்குத் திக்கென்றது. எரித்த காமனைத் திரும்ப எழுப்பாமல் கூத்தை முடிக்கக்கூடாது.

"என்னைய செத்தவனாவே மொனராகலைக்கு அனுப்பப் போறீங்களா தங்கச்சி?" என்று முருகேசு அண்ணன் சிரித்தார். கண்ணில் மட்டும் சிரிப்பில்லை. நான் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ் ஏறினேன். ரிப்பேர் கடையில் வேலை செய்த பொம்பளைப் பிள்ளை பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தது.

"என்னக்கா, கம்பளி நூலு... சாம்பிராணி வாசம் வேற வருது?"

சொன்னேன். சிரித்துச் சிரித்து அந்தப் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, இதுக்குக் குளுரு பரவாயில்ல, சூடுதான் ஆகாது. உள்ள தட்டு வேகமா சுத்திக்கிட்டே இருக்கும். காத்து போக எடம் விடுங்க. ஓடுறப்ப நகத்தாதீங்க, வயரப் புடுங்காதீங்க. பொகையக் கிட்டவே காட்டாதீங்க."

"பொட்டு வைக்கலாமா?"

"வெளிய மட்டும் வைங்க! ஆனா ஒண்ணு... எவ்வளவு பாத்துக்கிட்டாலும் இது ஒருநாளைக்கு நிக்கத்தான் செய்யும். உள்ள இருக்கறத இன்னொரு எடத்துலயும் கொப்பி எடுத்து வைங்க."

ராவெல்லாம் ஆறிக் கிடந்ததில் டிஸ்க் திரும்ப ஓடியது; அந்தப் பிள்ளை உள்ளே இருந்ததைப் பொறுமையாக இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தது. முருகேசு அண்ணன் சாமான் ஏற்ற வந்த லொறியைத் திருப்பியனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம்; காமன் எழும்பினார்! நான் குலவை போட, ஆரோக்கியம் அக்கா "தோத்திரம்!" என்று கைதட்ட, வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு கம்பளி மலைக்குத் திரும்பியது. சாம்பிராணி சாமியோடு நின்றது. இடி முழங்கினால் முறையாக நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. வீட்டுக் கணக்கையும் அதிலேயே எழுதப் பழகினேன். அந்த டிஸ்க் கலா படித்து முடிக்கும்வரை உழைத்தது.

இப்போது எல்லாம் கைபேசியில். நூறு படம் அழிந்தாலும் "போனாப் போவுதும்மா" என்கிறாள் கலா. அன்றைக்கு ஒரு டக் சத்தத்துக்கு ஐந்து பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றோமே... அந்தப் பதற்றத்தைக்கூட இப்போது நினைக்க இனிப்பாக இருக்கிறது.

கூத்து ஒரு கொப்பி எங்களிடம், ஒன்று பண்டாரவளையில் கலா வீட்டில். இதை வாசிக்கிற முருகேசு அண்ணே, நீங்கள் குடிபோகும்போது கூத்தைப் பதிந்து தந்த சீடி கீறல் விழுந்து ஓடவில்லையாமே? புது டிஸ்க் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு மொனராகலை பஸ்ஸில் உங்கள் ரதியே கொண்டுவருகிறார். வீட்டில் இருப்பீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.