தோளில் இறங்கிய ஊசி

ஆம்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பூர்ணிமாவுக்கு பிசியோதெரபிஸ்ட் வேலை. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பெண்கள், கழுத்தும் தோளும் கல்லாக இறுகிப்போய் வருவார்கள். மருந்தில்லாத மெல்லிய ஊசியை அந்த இறுக்கத்தில் இறக்கினால் சதை தளரும். அதற்காகக் கிளினிக் முதலாளி ராஜகோபால் அவளைச் சென்னைக்கு அனுப்பி, ஒரு வாரக்கடைசியில் பயிற்சி எடுக்க வைத்திருந்தார்.

அன்று அந்தத் தையல் பெண்களில் ஒருத்தியான மஹ்பூபிக்கு வலது தோளில் ஊசி போட்டாள். முன்பும் போட்ட இடம்தான். செருப்பு மாட்டக் குனிந்த மஹ்பூபி அப்படியே கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமோ குத்துது மேடம். மூச்சு இழுக்க முடியல."

ஊசி ஆழமாக இறங்கிவிட்டதோ என்று பூர்ணிமா பயந்தாள். தோளுக்கு அடியிலேயே நுரையீரலின் நுனி இருக்கிறது. போனில் ராஜகோபால், வாயுவாக இருக்கும், வீட்டுக்கு அனுப்பு என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஊசியைப் பற்றிப் பேசாதே என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் மஹ்பூபியின் ஒவ்வொரு மூச்சையும் பார்த்தபடியே பூர்ணிமா போனாள். டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டபோது ராஜகோபால் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"நான்தான் தோள்ல ஊசி போட்டேன் சார். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

நுரையீரலில் சின்ன ஓட்டை. ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள், தானாகவே ஆறியது.

இந்த ஊசி போட உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். அவள் மற்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் விசாரித்தாள். நம் வேலைதான் என்றார் ஒருவர். டாக்டர்தான் போடணும் என்றார் இன்னொருவர். கூடப் படித்த ஜோசுவா, சட்டத்தில் தெளிவாக எதுவும் இல்லை, அதனால் பயப்படாதே என்றான். அதைக் கேட்டுத்தான் அவள் அதிகம் பயந்தாள். தெரியாத நம்பரில் போன் வந்தால் போலீஸாக இருக்குமோ என்று எடுக்காமல் விட்டாள்.

போலீஸ் வரவில்லை. மஹ்பூபிதான் வந்தாள், பழைய தோள்வலியோடு, மறுபடி ஊசி போடச் சொல்லி. பூர்ணிமா முடியாது என்று சொல்லிவிட்டு ஒத்தடம் மட்டும் கொடுத்தாள்.

"வாணியம்பாடில ஒருத்தர் போடுறாராம். அங்க போய்க்கிறேன்."

"அவர் இன்னா படிச்சிருக்காரு அக்கா?"

மஹ்பூபிக்குத் தெரியவில்லை. பூர்ணிமா அவளோடு பஸ் ஏறினாள். அந்த ஆளிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். வீடியோவில் பார்த்ததாகச் சொல்லி அவர் ஊசியின் உறையைப் பிரித்தார். பூர்ணிமா மஹ்பூபியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அவர்களைத் தாண்டி, கழுத்தைப் பிடித்தபடி வேறொரு பெண் உள்ளே போனாள்.