கதவைத் தள்ளிப் பார்த்தவர்

காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள்தான் செய்தி சொன்னார். “ஒங்க ஆபீசு கதவம்மா தவறிட்டாங்களாமே, தெரியாதா?” நான் கையில் எடுத்திருந்த சங்கரா மீனை அவரே வாங்கிக் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

கதவம்மா என்பது பங்கஜம் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. சினிமாக் கொட்டகை, கல்யாண மண்டபங்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும்போது, ‘அவசர வழி’ என்று பலகை மாட்டிய இடத்தில் வழி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவது அவர் வேலை. மற்றவர்கள் பலகையைப் பார்ப்பார்கள். அக்கா கதவைத் தள்ளுவார்.

என் கல்யாணத்திலும் தள்ளினார். மேடைக்குப் பின்கதவு பூட்டியிருந்தது. சாவி வரும்வரை நகரவில்லை. தாலி கட்டும் படத்தில் என் தலைக்குப் பின்னால் தெரிவது அவர் முதுகு. அன்று தப்பிக்கும் வழியை யோசித்த ஒரே ஆள் அவர்தான். மனைவி இதைப் படிப்பாள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு மண்டபக்காரர் அவசர வழியைச் சுவர் வைத்து அடைத்துச் சாமான் அறையாக்கிவிட்டார். பலகை மட்டும் அப்படியே இருந்தது.

“பல்பு எரியுது பாருங்க மேடம், புதுசு!”

“தீப்புடிச்சா பல்பு வழியாவாங்க ஓடுவாங்க?”

மண்டபக்காரருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: “கையெழுத்தப் போடுங்கம்மா. இல்லாட்டி ஏனாமுக்கு மாத்தல்தான்.” ஏனாம் நம் யூனியன் பிரதேசம்தான், ஆனால் வெகுதொலைவில் ஆந்திரத்துக்குள், தெலுங்கு பேசும் ஊர். தருமபுரம் வீட்டில் அக்காவின் கணவர் படுத்த படுக்கை.

“போடலேன்னா அவரோட உசுரு. போட்டா அந்தக் கூடத்துல ஒக்காந்திருக்கவங்க உசுரு. எனக்கே வழிய அடைச்சிட்டாங்க தம்பி.” மாவீரனான நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அவர் போடவில்லை. கணவரையும் அழைத்துக்கொண்டு ஏனாம் போனார். மறுநாளே வேறொருவர் கையெழுத்திட்டார். சில ஆண்டுகள் கழித்து அக்கா தனியாகத் திரும்பினார். வந்ததும் அந்த மண்டபத்துக்குப் போய்த் தள்ளிப் பார்த்தார். சுவர்தான்.

போன வாரம் இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அக்காவின் நேர்மையை ஒவ்வொருவராகப் புகழ, எனக்குக் கை நமைத்தது. கூட்டம் நடந்த கூடத்தின் ‘அவசர வழி’ப் பலகையின் சிவப்பு பல்புக்குக் கீழே போய்க் கதவைத் தள்ளினேன். பூட்டு.

“அப்பறம் பாத்துக்கலாம், ஒக்காருங்க சார்” என்றார் தலைவர்.

சாவி வரும்வரை நான் உட்காரவில்லை. கதவைப் பார்த்து நின்று அழுவதாக நினைத்திருப்பீர்கள், அதுவும் உண்மைதான். அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான்: எந்தக் கூடத்துக்குள் போனாலும், கதவைத் தள்ளிப் பார்க்காமல் உட்கார முடியாத உடம்பு.