பூக்க விட்ட கொத்தமல்லி

திண்டுக்கல்லில் எங்களுக்குச் சிறிய பிரியாணிக் கடை. அதற்கான கொத்தமல்லியையும் புதினாவையும் மொட்டை மாடியில் நானே வளர்க்கிறேன். பூத்தால் இலையில் வாசம் போய்விடுமென்று, மொட்டு தெரிந்ததுமே கொத்தமல்லியைப் பிடுங்கிவிடுவேன். பக்கத்திலேயே பாகற்கொடி. அது பந்தல் முழுக்கப் பூத்தும் ஒரு பிஞ்சுகூட நின்றதில்லை.

போன குளிர்காலத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குச் செம்பட்டி போய்ப் பத்து நாள் தங்கிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் கொத்தமல்லித் தொட்டியெல்லாம் வெள்ளைப் பூ. சுற்றிலும் ஒரே தேனீ!

"பிள்ளைகளக் கொட்டிரும், மருந்த அடி" என்றார் கணவர். கரப்பான் மருந்து டப்பாவை நான் அழுத்தப் போன நேரம், ஒரு தேனீ பறந்து போய்ப் பாகற்பூவில் உட்கார்ந்தது. அந்தப் பூவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு மூன்று பிஞ்சுகள்!

"என்னங்க, இதுகதாங்க காய் பிடிக்க வச்சிருக்கு!" என்று கத்திவிட்டேன். டப்பாவை அப்போதே கீழே வைத்தேன்.

இப்போது இரண்டு தொட்டிக் கொத்தமல்லி தேனீக்கென்றே பூக்கிறது. கடைக்குப் பற்றாவிட்டாலும் அதில் கை வைக்க விடமாட்டேன்.

போன வாரம், தாடிக்கொம்பிலிருந்து வந்து தெருவில் காய் விற்கும் அக்கா, "பாகக்கா வேணுமா?" என்று கேட்டார். நான் பறித்து வைத்திருந்ததை முறம் நிறையக் கொண்டு வந்து காட்டினேன்.

"இம்புட்டும் உங்க மாடியிலயா? அப்ப நாந்தேன் உங்ககிட்ட வாங்கணும் போல" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டார்.