கூட இருந்தவன்

வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரிக்குத் தாரைவார்த்துக் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சோலையப்பனுக்கு மண்டை காய்ந்தது.

ஓமானில் சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆலை ஆலையாக எழும்பிக்கொண்டிருந்த 2006ஆம் வருஷம் அது. சோலையப்பன் அங்கே சாரம் கட்டுகிறவர். மேலூர்ப் பக்கத்து ஆள், ஐம்பதை எட்டப்போகிற வயசு. கேம்ப்பில் அவருடைய ரூமில் எட்டுப் பேர். எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். டிவியில் எந்தச் சேனல், வெள்ளிக்கிழமை கோழியா மீனா, ஏசியை எத்தனையில் வைப்பது, எல்லாவற்றுக்கும் கைதான். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல முடியாது. அதை ரகுநாதன் லண்டன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதுதான் வம்பாகிவிட்டது.

ரகுநாதனும் அதே ரூம்தான், கம்பெனியில் டைம்கீப்பர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் உண்டு, மேனேஜர் சீட்டில் இல்லாத நேரமும் உண்டு. 1888இல் லண்டனில் ஏழைப் பெண்களை வரிசையாக அறுத்துப்போட்டுவிட்டு, கடைசிவரை பிடிபடாமலே போனவன் ஒருவன். ஜாக் த ரிப்பர் என்று அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவனைப் பற்றி ஆபீஸில் படித்ததை எல்லாம் வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ரூமில் கொண்டுவந்து கொட்டுவான் ரகுநாதன். அன்றைக்கு மேரி கெல்லி என்கிற பெண்ணின் கதையில் வந்து நின்றான்.

"அவ கூட பார்னெட்னு ஒருத்தன் குடும்பம் நடத்துனான். மீன் மார்க்கெட்ல சுமை தூக்குறவன். வேலை போயிருச்சு. அந்த நேரம் பாத்து இவ இன்னொரு பொம்பளைய ரூமுக்குள்ள தங்க வச்சா. சண்டை. இவன் கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டான். பத்து நாள்ல அவ செத்துக் கிடக்கா, கதவு பூட்டியிருக்கு. சாவி ஏற்கனவே தொலைஞ்சு போச்சு. உடைஞ்ச சன்னல் வழியா கையை விட்டுத்தான் ரெண்டு பேரும் கதவைத் திறப்பாங்களாம். அந்த வித்தை தெரிஞ்சவன் யாரு?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் வெல்டர் ராக்கப்பன், பல் குத்திக்கொண்டே. "கூட இருந்தவன்தான். எங்க ஊரா இருந்தா டீக்கடையிலயே தீர்ப்புச் சொல்லி முடிச்சிருப்போம்."

சோலையப்பன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டீக்கடைத் தீர்ப்பு அவருக்குப் புதுசா என்ன?

அவருடைய மனைவி பஞ்சவர்ணமும் அப்படித்தான் போனாள். இருந்ததே ஒற்றை அறை வீடு. அதில் தன் ஒன்றுவிட்ட தங்கையைக் கூட்டிவந்து மாசக்கணக்கில் வைத்துக்கொண்டாள். சோலையப்பன் சத்தம் போட்டார். ஒரு சாயங்காலம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மேலூரில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். நாலாம் நாள் காலையில், யாரோ பஞ்சவர்ணத்தை வயக்காட்டில் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னது. யார் வெட்டியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. போலீஸ் அவரைத்தான் முதலில் தூக்கியது. அடித்தார்கள், உட்கார வைத்தார்கள், ஒன்றும் தேறாமல் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. மச்சினன் மணிமாறன் வந்து, பத்து வயசு மகள் ராதிகாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம்தான் அவர் ஓமானுக்கு விமானம் ஏறினார். ரூமில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது ராதிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதையும் மேலூர்த் தங்கச்சி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆவணியில் என்று மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. பெற்ற தகப்பனை மணிமாறன் வீட்டில் யாரும் வா என்று கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. லீவு கேட்டால் மேனேஜர் தேதி கேட்கிறான். மகள் கல்யாணத் தேதி தெரியாது சார் என்று எந்த அப்பன் போய் நிற்பான்? போன் போட்டால் மணிமாறன் எடுத்து, "அது வேலையா இருக்கு, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடுவான். இந்தக் கடுப்பில் கிடக்கிற மனுஷனுக்குத்தான் பார்னெட் வழக்கு.

"சரி, கை தூக்குங்கப்பா" என்றான் ரகுநாதன். "பார்னெட்தான் கொலைகாரன்னு சொல்றவங்க?"

ஏழு கை எழும்பியது.

"அண்ணே, நீங்க மட்டும் ஏன் தூக்கல?"

சோலையப்பன் எழுந்து உட்கார்ந்தார். "அவன்கிட்ட யாராச்சும் கேட்டாகளா?"

"கேக்காம என்னண்ணே? போலீஸ் நாலு மணி நேரம் விசாரிச்சிருக்கு. துணியில ரத்தக்கறை இருக்கான்னுகூடப் பாத்துட்டுத்தான் விட்டாங்க."

"எங்க இருந்த, எப்பப் போன, யாரு பாத்தான்னு கேட்டிருக்கும். அது போலீசு வேலை. அவன் பக்கத்து மனுஷங்க, அவன் மூஞ்சியப் பாத்து, நீ செஞ்சியான்னு யாரு கேட்டா?"

"அது தெரியலயேண்ணே. நீங்க ஏன் இவ்வளவு சூடாவுறீங்க?"

"என் பொண்டாட்டியவும் இப்படித்தான்டா எவனோ வெட்டிப் போட்டான். நானும் இப்படித்தான் சண்டை போட்டுட்டு வெளிய போயிருந்தேன். இன்னி வரைக்கும் ஆள் சிக்கல. நீங்க அந்த வெள்ளைக்காரனுக்குத் தூக்குற கையி எனக்குந்தான்."

தூக்கிய கைகள் எப்போது இறங்கின என்றே தெரியவில்லை. ராக்கப்பன் பல்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, உங்களைப் போயி நாங்க அப்படி நினைப்பமா?" என்றான்.

"பாத்தியா? இப்பக்கூட ஒருத்தனும் கேக்கல. நினைப்பமா, நினைக்க மாட்டமான்னு நீங்களே பேசி முடிச்சுக்கிறீங்க. இத்தன வருசமா இதேதான்டா."

சொல்லும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. போலீஸ், மச்சினன், தங்கச்சி, ஊர்க்காரன் என்று அத்தனை பேரும் பேசியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஒருத்தி வாயைத் திறந்ததே இல்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயில் தகித்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று நம்பரை அழுத்தினார்.

வழக்கம்போல மணிமாறன்தான் எடுத்தான். "அது வேலையா..."

"வேலை கிடக்கட்டும், அதுகிட்டக் குடுய்யா. குடுக்கலேன்னா கார்டு தீர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டேதான் இருப்பேன்."

என்ன நினைத்தானோ, கொடுத்துவிட்டான். பின்னால் மிக்ஸி இரைகிற சத்தம் கேட்டது.

"என்னப்பா?" என்றாள் ராதிகா.

"தாயி, அம்மாவ நான் கொன்னேனான்னு என்னையக் கேளு."

"இப்ப எதுக்குப்பா அது?"

"பின்ன எப்பத்தான் கேப்ப? ஊரெல்லாம் தீர்ப்புச் சொல்லிட்டான். நீயும் வாயே திறக்காம மனசுக்குள்ள வச்சு எடை போட்டுக்கிட்டே இருந்தா, நான் எதுக்குன்னு பதில் சொல்றது? எனக்குச் சலிச்சுப் போச்சு தாயி. கேட்டுரு."

யாரோ மிக்ஸியை நிறுத்தினார்கள்.

"நீயாப்பா?"

இந்தக் கேள்விக்கு அவர் வருஷக்கணக்காகப் பதில் தயாரித்து வைத்திருந்தார். தங்கச்சி வீடு, அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டது, போலீஸ் அடி, சத்தியம் என்று அவ்வளவு இருந்தது.

"இல்ல தாயி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "சின்னப் பிள்ளையில இருந்து கேக்கணும்னுதான் இருந்தேன். ஆமான்னு சொல்லிட்டா, அம்மாவும் இல்ல நீயும் இல்லைன்னு ஆயிருமேன்னு கேக்கல."

"இப்ப நம்புறியா?"

"தெரியலப்பா." அவளாகவே மேலே சொன்னாள். "ஆவணி பதினாலு கல்யாணம். நீ வந்துரு."

அந்தத் ‘தெரியல’ அவருக்குச் சுருக்கென்று தைத்தது. என்னத்தத் தெரியல உனக்கு என்று சண்டை பிடிக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"முகூர்த்தம் எத்தன மணிக்கும்மா?" என்று கேட்டார்.