மூலையில் விழுந்த திகதி

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் ஐஸ் உடைக்கிறவனுக்குக் கமரா எதற்கு என்று முதலில் கேட்டவன் நான்தான். ஸப்ரான் என் தங்கை றஹ்மாவின் கணவன், எனக்கு மச்சான். ஆகவே கேட்க எனக்கு உரிமை இருந்தது. கட்டாரிலிருந்து திரும்பி வந்த சிநேகிதன் ஒருவன் தன் பழைய கமராவை அவனுக்குக் கொடுத்திருந்தான். "படம் எடுத்துக் கறியா சமைக்கப் போற?" என்றேன். ஸப்ரான் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

அவனுடைய வேலை சுபஹுத் தொழுகைக்கு முன்பே தொடங்கிவிடும். லொறியில் வரும் ஐஸ் கட்டிகளை உடைத்து, கடலுக்குப் போகிற போட்களின் பெட்டிகளை நிரப்ப வேண்டும். வெளிச்சம் வரும்போது கடைசிப் போட்டும் போய்விடும். பிறகு அவன் மரத்துப்போன விரல்களை இடுப்புச் சாரத்தில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கரையோரமாக நடக்கத் தொடங்குவான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் ஒரு படத்தைப் பேஸ்புக்கில் போடுவான். படத்துக்குக் கீழே அதன் கதையை எழுதுவான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். ஆகவே கதை முதலில் எனக்கு வரும். அவன் எழுத்தில் 'ற'வும் 'ர'வும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். திருத்தி அனுப்புவேன்.

எழுத்துப் பிழை விட்டாலும் பொய் எழுத மாட்டான். அதில் அவன் படு பிடிவாதக்காரன். ஒரு தடவை உப்பு வயலின் வரப்பில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் படம் எடுத்திருந்தான். அழகான படம். "உப்பு அள்ளுற ஒரு ஏழைத் தாயிட செருப்பு எண்டு எழுது, வாசிக்கிறவன் அழுவான்" என்று ஆலோசனை சொன்னேன். அவன் கேட்கவில்லை. மூன்று கிழமை அலைந்து, அது யாருடைய செருப்பு என்று கண்டுபிடித்தான். பாலாவியிலிருந்து மீன் வாங்க வந்த ஒரு வியாபாரியை நாய் துரத்தியதில் விழுந்த செருப்பு அது. அதையே எழுதினான். குவைத்தில் இருக்கும் நம்மூர்ப் பையன்கள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மச்சான், ஆக்கள் மறந்திடுவாங்க, மாத்திச் சொல்லுவாங்க. படம் மாறாது" என்பான். அந்த நம்பிக்கைதான் அவனுக்கு வினையாக முடிந்தது.

இனி நூஹுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸப்ரானுக்கு அவர் நானா, அண்ணன் மாதிரி. எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. சொந்தமாக ஒரு சின்ன பைபர் போட் வைத்திருந்தார். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற வயிறு. பசி என்றால் ஒரு நிமிடம் தாங்க மாட்டார். ஐஸ் எடுக்க வரும்போதே ஸப்ரானின் பாணில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். அதனால் அவருடைய மனைவி ஹஃபீலா அவர் கடலுக்குப் போகும் நாளெல்லாம் சோற்றுப் பார்சலோடு ஒரு வாழைச்சீப்பும் கொடுத்து அனுப்புவாள். வலைக்குள் வைத்தால் நசுங்கிவிடும் என்று, போட்டின் பின்பக்கத்து விளக்குக் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிடுவார். கரையில் நிற்கிறவர்கள் கேலி செய்வார்கள். "பெட்டிக் கடை ஒண்டு கடலுக்குப் போகுது" என்பார்கள்.

மே மாதம் இரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை நூஹு தனியாகப் போனார். கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல். அன்று பின்னேரம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று திடீரென்று எழும்பிவிட்டது. மற்ற போட்கள் எப்படியோ கரை சேர்ந்தன. நூஹுவின் போட் வரவில்லை. புதனும் வியாழனும் ஊரே கடலில் தேடியது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸப்ரான் வழக்கம்போல அந்தக் கிழமையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்குக் கூட்டத்தை எடுத்த ஒரு படத்தில், எடுக்கும்போது அவன் கவனிக்காமலே, பின்னால் நூஹுவின் போட் விழுந்திருந்தது. நீலமும் மஞ்சளும் பூசிய அந்த போட்டை ஊரில் தெரியாதவர் இல்லை. கரையிலிருந்து அதிக தூரமில்லை. மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகிறது. நூஹு எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்தின் கீழ் மூலையில் கமரா போடும் செம்மஞ்சள் திகதி: 03.

ஸப்ரான் வெறுங்காலோடு என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"மச்சான், இது மூண்டாந் திகதி! புதன்கிழமை! காத்தடிச்சது செவ்வாய் பின்னேரம். நூஹு நானா காத்துக்குத் தப்பிட்டார் மச்சான்!"

"நீ புதன்கிழமைதான் எடுத்தியா? நல்லா ஞாபகமா?"

"நான் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில நிக்கிறவன், எனக்கு எந்த நாளெண்டு ஞாபகம் வரும்? படத்தில கிடக்குதே, பாருங்க."

பார்த்தேன். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. அன்று அவன் எழுதியதில் இருந்த பிழைகளைத் திருத்தக்கூட இல்லை, அப்படியே போடச் சொன்னேன். படம் கடற்படை முகாம் வரைக்கும் போனது. தேடலை நிறுத்த இருந்தவர்கள் இன்னும் இரண்டு நாள் தேடினார்கள். எஞ்சின் பழுதாகி இந்தியக் கரைக்கு இழுபட்டிருப்பார், அங்கே பிடித்து அடைத்திருப்பார்கள் என்று ஊர் பேசியது. அப்படி முன்பும் நடந்திருக்கிறது. ஹஃபீலா அந்தப் படத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அவளுடைய மகள் நிஃப்லாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் இரவில் வாப்பாவுக்கு முத்தம் கொடுக்கிறேன் என்று போனின் கண்ணாடியை ஈரமாக்குவாள் என்று றஹ்மா வந்து சொல்லி அழுதாள்.

இரண்டு மாதம் போனது. நூஹுவின் பெயர் எழுதிய பெற்றோல் கேன் ஒன்று மட்டும் வடக்கே ஒரு கரையில் ஒதுங்கியது. பள்ளிவாசலில் இருந்து பெரியவர்கள் ஹஃபீலாவின் வீட்டுக்கு வந்தார்கள். உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தலாம் என்றும், அவள் இத்தா இருப்பதுதான் முறை என்றும் மெதுவாகச் சொன்னார்கள். கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் அலங்காரமில்லாமல், அந்நிய ஆண்களைக் காணாமல், வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடியே போனை வெளியே நீட்டினாளாம்.

"காத்துக்குப் பிறகு எடுத்த படம் இது. உசிரோட இருக்கிற மனிசனுக்கு நான் எப்பிடி இத்தா இருக்கிறது?"

வந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஸப்ரான் எனக்கு ஒரு பழைய படத்தை அனுப்பினான். ஜும்ஆ நேரம் பள்ளிவாசல் படியில் குவிந்து கிடக்கும் செருப்புகள். நூஹு காணாமல் போன கிழமை எடுத்தது. அந்தத் தொழுகையில் நூஹுவுக்காகக் கேட்ட துஆவைப் பற்றி எழுதியிருந்தான். எழுத்தைத் திருத்திவிட்டுப் படத்தைப் பார்த்தேன். மூலையில் திகதி 06. மே மாதம் ஆறாம் திகதி சனிக்கிழமை. சனிக்கிழமையில் எந்த ஊரில் ஜும்ஆ?

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

அவன் வீட்டுக்குப் போனேன். இருவருமாக உட்கார்ந்து யோசித்ததில் விசயம் வெளிவந்தது. அந்தக் கமராவின் பற்றரி முற்றாக இறங்கினால் திகதி அழிந்துவிடும், கையால் போட வேண்டும். மே முதலாம் திகதி திங்கட்கிழமை பற்றரி இறங்கியிருந்தது. சார்ஜ் பண்ணி, பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துத் திகதி போட்டிருக்கிறான். அந்தக் கலண்டரை றஹ்மா மஃரிபுக்குப் பாங்கு சொன்னவுடனே கிழித்துவிடுவாள். நமக்கு மஃரிபோடு நாள் முடிந்து அடுத்த நாள் பிறந்துவிடுகிறது என்று எங்கள் உம்மா பழக்கிய பழக்கம், கல்யாணம் முடித்துப் போன வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டாள். திங்கள் பின்னேரம் சுவரில் செவ்வாய் இருந்தது. ஸப்ரான் செவ்வாயைப் போட்டான். போனைப் பார்த்திருக்கலாம். எதிரே கலண்டர் தொங்கும்போது போனை யார் தேடுவார்? அன்றிலிருந்து அடுத்த தடவை பற்றரி இறங்கும் வரை எடுத்த எல்லாப் படமும் ஒரு நாள் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

ஆகவே நூஹுவின் படம் செவ்வாய்க் காலை எடுத்தது. காற்றுக்கு முன்பு. அவர் புறப்பட்டுப் போகிற படம், அவ்வளவுதான்.

றஹ்மா கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸப்ரான் தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் இப்பவே போய்ச் சொல்லோணும்" என்றான். நான் தடுத்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும், தடுத்தது நான்தான்.

"என்னத்தச் சொல்லப் போற? ஒங்கட மாப்பிள்ள மௌத்து எண்டா? அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது இந்த ஒரு படம். வாயை மூடிக்கொண்டு இரு. அல்லாஹ் காட்டுற நேரம் காட்டட்டும்."

எனக்கு அவள் மேல் இரக்கம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். பிழைக்கு எங்கள் வீட்டு வழக்கமும் காரணம் என்று ஊர் பேசும் என்ற பயம். ஸப்ரான் என் பேச்சைக் கேட்டான், கேட்டுக் கெட்டான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைப் படம் நின்றுபோனது. பேஸ்புக்கில் எல்லோரும் "படம் எங்க?" என்று கேட்டார்கள். ஹஃபீலா வருவது தெரிந்தால் அவன் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொள்வான். சிரிப்பதையும் விட்டுவிட்டான். அந்தக் கோலத்தில் அவனைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நான் என் சொல்லை மாற்றவில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு நான் ஸப்ரான் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஹஃபீலா வந்தாள். கையில் புதுப் பாஸ்போட். என்னைக் கண்டு, "சேர், நீங்களும் இரிக்கிறீங்களா, நல்லதாப் போச்சு" என்றாள். கதவோரமாக றஹ்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸப்ரான் நானா, நான் இந்தியாவுக்குப் போகப் போறேன். ராமேஸ்வரத்தில நம்மட ஆக்களை வச்சிரிக்கிற இடமெல்லாம் தேடிப் பார்க்கோணும். அந்தப் படத்தைப் பெரிசாக் கழுவித் தருவீங்களா? திகதி நல்லாத் தெளிவாத் தெரியோணும்."

ஸப்ரான் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். நல்ல காலம், அவன் அந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்கவில்லை.

"தங்கச்சி, அந்தத் திகதி பிழை" என்றான். "நான் போட்ட பிழை. அது செவ்வாய்க்கிழமை காலம்பற எடுத்த படம். ஆகஸ்ட்லயே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்திட்டேன். மாப்புத் தாங்க."

றஹ்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹஃபீலா கத்தவில்லை. பாஸ்போட்டை மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்து, படத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். போட்டின் பின்பக்கம், விளக்குக் கம்பி, அதில் தொங்கும் வாழைச்சீப்பு.

"பதினாலு பழம்" என்றாள். "நான் கட்டிக் குடுத்த மாதிரியே இரிக்கிது. ஒண்டும் குறையல்ல. ஒரு ராவு முழுக்கக் கடலில கிடந்த மனிசன், அதுவும் நிஃப்லாட வாப்பா, ஒரு பழமாவது திங்காம இரிப்பாரா? முதல் நாளே நான் எண்ணிப் பார்த்திட்டேன் நானா. மனசு சொல்லிச்சி. மூலையில இரிக்கிற திகதியப் பார்த்துப் பார்த்து மனசை அடக்கி வச்சிரிந்தேன்."

தேத்தண்ணீர் ஆறிப்போனது. இரண்டு மாதமாக அவளுக்காக நாங்கள் மறைத்ததாக நினைத்ததை அவள் எங்களுக்கு முன்பே அறிந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

புறப்படும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் இத்தா இரிக்கப் போறேன். இனி ஒங்களைக் காண ஏலாது. ஒண்டு கேக்கிறேன், செய்வீங்களா? நீங்க படத்துக்குக் கதை எழுதுறவர்தானே. இந்தப் படத்துக்கும் எழுதுங்க. காத்து வர முந்தி அவர் அந்தப் பழத்தைத் திண்டார் எண்டு எழுதுங்க. பசியோட போகல்ல எண்டு எழுதுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஸப்ரானிடமிருந்து எனக்குக் கதை வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் கதை. முதலில் திகதி பிழையான விதத்தை எழுதியிருந்தான், கலண்டரையும் தன் பெயரையும் மறைக்காமல். கடைசியில் ஒரே ஒரு வரி:

'மணல் திட்டைத் தாண்டியதும் நூஹு நானா சீப்பில் இறுந்து ஒறு பழத்தைப் பிய்த்துச் சாப்பிட்டார், பிறகு இன்னொறு பழம்.'

ஒற்றைச் செருப்புக்காக மூன்று கிழமை அலைந்தவன் எழுதிய வரி அது. 'ற'வும் 'ர'வும் அதில் இடம் மாறித்தான் கிடந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை.