பத்துக்கு இரண்டு போட்டேன்

நான்கு வருடங்களுக்கு முன், நாங்கள் கரூரிலிருந்து பூந்தமல்லிக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. குழந்தை பிறந்ததும் விட்ட வேலை, ஏழு வருடமாகியும் திரும்பக் கிடைக்கவில்லை. போன இடத்தில் எல்லாம், "நடுவுல இவ்ளோ கேப் இருக்கே மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடைசி முயற்சியாக, தரவுகளை அலசக் கற்றுத்தரும் ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். இதிலும் தோற்றால் இனி வேலை என்ற பேச்சே எடுப்பதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

அந்தப் படிப்பில் பரீட்சை கிடையாது. நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு புராஜெக்ட் கொடுப்பார்கள். முடிவில் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, நாலு வரி கருத்தும் எழுத வேண்டும். எழுதியவர் பெயர் தெரியாது. சராசரி ஐந்துக்குக் கீழே போனால் சான்றிதழ் இல்லை.

என் குழுவில் வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். நான்காவதாக ஒருவர், கோவில்பதாகையிலிருந்து. "அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில கீறேன்" என்று முதல் நாள் சொன்னதோடு சரி. கேமராவைப் போடவே மாட்டார். அவருக்குக் கொடுத்த அட்டவணை எப்போதும் இரண்டு நாள் தாமதமாக வரும். சாட்டில் ஏதாவது கேட்டால் ஒரு வரி கூட டைப் செய்யமாட்டார். பின்னால் லாரி ஹாரன் அலற, குரல் பதிவுதான் வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்கு. எந்த ஷிஃப்டில் அதிகப் பொருட்கள் வீணாகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். தேதிவாரியாகப் பிரித்து, பகல் ஷிஃப்ட்தான் மோசம் என்று நான் அறிக்கை தயார் செய்துவிட்டேன். அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"மேடம், மூணாவது ஷிஃப்ட் ராத்திரி பதினோரு மணிக்கு ஏறி காலைலதான் எறங்கும். தேதி மாறிடும், ஷிஃப்ட் மாறாது. நீங்க ஒரே ஷிஃப்டை ரெண்டு நாளா வெட்டி வச்சிகிறீங்க. அத ஒண்ணா சேத்து பாருங்க, கணக்கே வேற."

சேர்த்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. மூன்றாவது ஷிஃப்டில்தான் எல்லாப் பிரச்சினையும் இருந்தது. திருத்திவிட்டேன், ஆனால் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. 'வேலையை எல்லாம் நான் செய்ய, இவர் குறை மட்டும் சொல்கிறார்' என்றுதான் தோன்றியது.

மதிப்பெண் போடும் நாளில் அவருக்குப் பத்துக்கு இரண்டு போட்டேன். 'குழுவில் இருந்தும் இல்லாதவர். டைப் செய்யக்கூடச் சோம்பல்' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? அந்த இரண்டு பெண்களுக்கும் போன் செய்து, அவரைப் பற்றி நன்றாகவே புலம்பினேன். அவர்களும் குறைத்துப் போட்டார்கள்.

எங்கள் மூவருக்கும் சான்றிதழ் வந்தது. அவருக்கு வரவில்லை. "எல்லாருக்கும் வாழ்த்துக்கள்" என்று ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டு, குரூப்பிலிருந்து விலகிவிட்டார்.

அடுத்த மாதமே அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில் எங்கள் புராஜெக்டைப் பார்த்துவிட்டு அவர்கள் வியந்து கேட்டது ஒரே விஷயம்: தேதி மாறும் அந்த ஷிஃப்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருக்குப் போன் செய்தேன். அவருடைய கம்பெனி என் அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மதிய இடைவேளையில் அங்கே போனேன். கேட் அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே போகும் லாரிகளின் நம்பரை இடது கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "பிரஸ் மெஷின்ல கை மாட்டிகிச்சு மேடம். டைப் அடிக்க ரொம்ப நேரமாவும், அதான் பேசி அனுப்பிகினு இருந்தேன்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா பாவம் பாத்து மார்க் போடுவீங்க. இங்க பாவம் பாத்துதான் கேட்ல குந்த வச்சிகிறாங்க. படிப்புலயாவது வேலைய பாத்து மார்க் வரட்டும்னு நெனச்சேன்." நோட்டை மூடியபடி, "சர்டிபிகேட் காட்டினா பிளானிங் ஆபீஸ்ல போடறேன்னு சொல்லிகினு இருந்தாங்க" என்றார்.

என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அந்த சோம்பல்னு எழுதினது நான்தாங்க" என்றேன்.

"தெரியும் மேடம். மத்த ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல எழுதிகிறாங்க. நீங்க ஒருத்தர்தான் தமிழ்."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். இன்னொரு லாரி வந்து நிற்கவே, "இருங்க மேடம்" என்று எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் என் இடைவேளை முடிந்துவிட்டது. சரியாகச் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன்.

படிப்பு நடத்தியவர்களுக்கு நடந்ததை எல்லாம் எழுதி, என் மதிப்பெண்ணை மாற்றக் கேட்டேன். முடிவு அறிவித்தபின் மாற்ற முடியாது, அடுத்த முறை சேரட்டும் என்று பதில் வந்தது. அவரிடம் சொன்னேன். பிளானிங் ஆபீசில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். "இனிமே எதுக்கு மேடம்" என்றார். என் மேலதிகாரியிடம் போய், அந்த ஷிஃப்டைக் கண்டுபிடித்தது நான் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "டீம் ஒர்க்னா அப்படித்தாம்மா" என்றார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது எனக்குக் கீழே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். வருடம் ஒருமுறை அவர்களைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும். எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் போய், "உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், ஒரு மனிதர் இன்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க மாட்டார் என்ற நினைப்பு மட்டும் எத்தனை பேரிடம் கேட்டும் என்னை விட்டுப் போகவில்லை.